எத்தனை அடுப்பு, எத்தனை பேர்? ஊவாத் தோட்டங்களின் சனத்தொகைக் கணக்கும் வருமானக் கணக்கும்

மண்சரிவு அபாயம் காரணமாக லயத்தை விட்டு இறங்கி ஒரு பாடசாலை மண்டபத்தில் தங்கியிருந்த குடும்பங்களைப் பார்க்க நாம் சென்றிருந்தோம். வாசற் சுவரில் பெயர்ப் பட்டியல் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. ஒரு பாட்டி தம் வீட்டுப் பெயர் இருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டிச் சொன்னார்: "சாமி, எங்க காம்பராவுல மூணு அடுப்பு எரிஞ்சிச்சு. மூத்தவன் பொழப்பு ஒண்ணு, சின்னவன் பொழப்பு ஒண்ணு, நானும் பேத்தியும் ஒண்ணு. இந்தத் தாள்ல ஒரே குடும்பம்னு போட்டிருக்கு. வீடு குடுத்தா ஒண்ணுதானே குடுப்பாங்க?"

பட்டியல் எழுதியவர் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. அவர் கதவுகளை எண்ணினார். பாட்டி அடுப்புகளை எண்ணினார். இதில் வேடிக்கை என்னவென்றால், அரசாங்கத்தின் குடிசன மதிப்பீட்டு விதியே பாட்டியின் பக்கம்தான் நிற்கிறது. ஒன்றாகச் சமைத்து ஒன்றாக உண்போரே ஒரு 'வீட்டுத்துறை' என்று தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் எண்ணுகிறது. ஒரே கூரையின் கீழ் மூன்று அடுப்பு எரிந்தால் மூன்று வீட்டுத்துறை. ஆனால் தோட்டத்துச் செக்ரோலிலும் நிவாரணப் பட்டியலிலும் பெரும்பாலும் காம்பரா இலக்கமே கணக்காகிவிடுகிறது.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. தோட்டத்து லயங்களும் நாட்டுப்புற வீடுகளும் மரக்கறித் தோட்டங்களும் ஒன்றாகவே மண்ணோடு போயின. வீடிழந்தோருக்கு எங்கே, எத்தனை வீடு, யாருக்கு முதலில் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எண்ணிக்கை ஒன்று முன்னால் வைக்கப்படுகிறது. அந்த எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது, அதில் எது தெரிகிறது, எது மறைகிறது என்பதை எம்மவர் விளங்கி வைத்திருப்பது நல்லது. ஆகவே இக்கட்டுரையில் ஊவாவின் சனத்தொகை, இன விகிதம், வருமானம் ஆகிய மூன்றையும் சற்று விரித்துப் பார்ப்போம்.

மலைக்கு வந்த கதை

ஊவா வெறும் மலையாக இருந்து வெள்ளைக்காரன் வந்து ஆள் குடியேற்றிய இடமல்ல. 1817, 1818 ஆம் ஆண்டுகளின் ஊவா, வெல்லஸ்ஸ கிளர்ச்சியை அடக்கியபோது ஊர்களும் வயல்களும் அழிக்கப்பட்டன. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குரியவை என்று வைத்தது. சேனை வெட்டியும் மாடு மேய்த்தும் வந்த சிங்களக் கிராமத்தவர் தம் கிராமத்தைச் சுற்றிய நிலத்தை இழந்தனர். பிறகு அந்நிலம் கோப்பித் தோட்டமாகிக் கைமாறியது. 1951 இல் வெளிவந்த கண்டிய விவசாயிகள் ஆணைக்குழு அறிக்கை இந்த இழப்பை விரிவாகப் பேசியது. இதை நாம் மறக்கலாகாது. பக்கத்து நாட்டாரோடு பேசும்போது அவர்களுக்கும் ஒரு நிலக்கதை உண்டு என்ற நினைவு வேண்டும்.

அந்நிலத்தில் வேலை செய்யத் திருச்சி, மதுரை, திருநெல்வேலி, புதுக்கோட்டை, சேலம் பக்கங்களிலிருந்து எம் முன்னோர் வந்தனர். 1869 இல் தொடங்கிய இலைநோயால் கோப்பி மடிந்து தேயிலை வந்ததும் கதை மாறியது. கோப்பிக்குப் பறிப்புக் காலத்தில் மட்டும் ஆள் வேண்டியிருந்தது. வந்தவர் பலர் திரும்பிச் சென்றனர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டும். அதனால் குடும்பமாக வந்து குடும்பமாகத் தங்கினர். 1886 இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1890 இல் லிப்டன் அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னையை வாங்கினார். புகையிரதம் 1893 இல் அப்புத்தளைக்கும் 1894 இல் பண்டாரவளைக்கும் வந்தது. பதுளையை அடைய 1924 வரை சென்றது. பசறை, மடுல்சீமை, லுணுகலை, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டங்கள் இந்தக் காலத்தில்தான் நிறைந்தன.

எண்கள் ஏறி இறங்கிய விதம்

1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில்தான் 'இந்தியத் தமிழர்' தனி இனமாக எண்ணப்பட்டனர். அன்று நாட்டின் சனத்தொகையில் அவர்கள் ஏறத்தாழ 13 வீதம். 1931 இல் 15 வீதமளவுக்கு உயர்ந்தனர். 1953 இல் 12 வீதம், 1971 இல் 9.3 வீதம், 1981 இல் 5.5 வீதம், 2012 இல் 4.1 வீதம். 2024 டிசம்பரில் எடுக்கப்பட்ட கடைசி மதிப்பீட்டில் 2.8 வீதம்.

இந்த வரிசையை மட்டும் வாசிப்பவர், மலையகத் தமிழர் பிள்ளை பெறுவதை நிறுத்திவிட்டனர் என்றே நினைப்பார். உண்மை அதுவல்ல. இறக்கத்தின் பெரும்பகுதி தொட்டிலிலோ சுடுகாட்டிலோ நடந்ததல்ல. சட்டத்திலும் பாஸ்போட்டிலும் பெயர்ப் பெட்டியிலும் நடந்தது.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் எம்மவரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்கும் போயிற்று. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கு பிரித்தது: 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மீந்த ஒன்றரை இலட்சம் பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்தன. 1984 இல் தலைமன்னார்க் கப்பல் நின்றுபோகும் வரை நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அக்கரை சென்றனர். நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலையே அவர்களுக்குத் தொழிலாயிற்று. பதுளையில் இன்றும் பல வீடுகளில் அக்கரைக்குப் போன பெரியப்பா, அத்தை படம் சுவரில் தொங்குகிறது. ஒரே வயிற்றில் பிறந்தோரில் ஒருவர் இந்தியப் பிரசை, ஒருவர் இலங்கைப் பிரசை, ஒருவர் எதுவுமில்லை என்றிருந்த வீடுகளும் உண்டு. மீதமிருந்தோருக்கு 1986, 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்களின் மூலமே முழுமையாகப் பிரசாவுரிமை கிடைத்தது. 1948 முதல் 2003 வரை ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

இதற்கிடையில் பசியும் நெருப்பும் வந்தன. 1973, 1974 இல் உணவுத் தட்டுப்பாட்டின்போது மிகக் கடுமையாக அடிபட்டது தோட்ட மக்களே. பட்டினியாலும் நோயாலும் மரணங்கள் கூடின. 1972, 1975 ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாகின. ஆனால் லயத்தில் இருந்தவருக்குக் காணி வரவில்லை. சில இடங்களில் துண்டாடப்பட்ட தோட்டத்திலிருந்து எம்மவர் வெளியேற்றப்பட்டனர். 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் மேலும் பலர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக்குச் சென்று காடு வெட்டிக் குடியேறினர். 1983 யூலையில் பதுளை நகரமும் எரிந்தது. வன்னிக்குப் போனவர்களை யுத்தம் 2009 வரை மீண்டும் மீண்டும் இடம்பெயர்த்தது. இப்பத்திரிகையை வாசிக்கும் குடும்பங்களில் சில, பதுளையிலிருந்து போய் அங்கும் நிலைக்க முடியாமல் திரும்பி வந்தவை என்பதை நாம் அறிவோம்.

பெயர்ப் பெட்டி

சென்றவரும் இறந்தவரும் ஒரு புறமிருக்க, பெயரை மாற்றி எழுதியவரும் உண்டு. குடிசன மதிப்பீட்டில் ஒருவருடைய இனம் என்ன என்பதை அவரே சொல்கிறார், பத்திரம் கேட்பதில்லை. 1971 க்கும் 1981 க்கும் இடையில் 9.3 வீதம் 5.5 வீதமானதற்குக் கப்பல் ஒரு காரணம். பிரசாவுரிமை பெற்ற பலர் 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்தது இன்னொரு காரணம். 'இந்திய' என்ற சொல்லே ஆபத்தாகத் தோன்றிய காலம் அது. "இந்தியத் தமிழன் என்று சொன்னால் இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள்" என்று பயந்தவர்களை நாம் குறை சொல்ல மாட்டோம். உண்மையாகவே அனுப்பினார்கள் அல்லவா?

2024 மதிப்பீட்டில் அந்தப் பெட்டியின் பெயர் 'இந்தியத் தமிழர் / மலையகத் தமிழர்' என்று மாற்றப்பட்டது. பல்லாண்டுக் கோரிக்கை ஒன்று ஓரளவு நிறைவேறியது. ஆனாலும் எண்ணிக்கை கூடவில்லை. 2012 இல் 8 இலட்சத்து 40 ஆயிரமளவில் இருந்தவர்கள் 2024 இல் ஏறத்தாழ 6 இலட்சமாயினர். அதே காலத்தில் 'இலங்கைத் தமிழர்' 11.1 வீதத்திலிருந்து 12.3 வீதமாகக் கூடினர். பன்னிரண்டு ஆண்டுகளில் இரண்டேகால் இலட்சத்துக்கும் மேற்பட்ட மலையகத் தமிழர் இறந்துவிடவோ வெளிநாடு போய்விடவோ இல்லை. இக்குறைவின் பெரும்பகுதி பெட்டி மாறியதால் வந்தது என்றே நாம் கருதுகிறோம்.

எந்தப் பெட்டி சரி என்று இங்கே நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. கொழும்பில் பிறந்து வளர்ந்த பிள்ளை தன்னை இலங்கைத் தமிழன் என்றால் அது அவன் உரிமை. நாடு அவன் நாடுதானே. ஆனால் விளைவு தெரிந்து எழுத வேண்டும். தோட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்படும் வீட்டுத் திட்டம், ஆசிரியர் நியமனம், தொகுதி எல்லை, புதிய கிராம உத்தியோகத்தர் பிரிவு எல்லாவற்றுக்கும் இந்த எண்ணே ஆதாரமாகக் காட்டப்படுகிறது. மொழி விடயம் சற்று வேறு. ஒரு பிரதேச செயலகப் பிரிவில் சிறுபான்மை மொழி பேசுவோரின் விகிதத்தைக் கருத்திற்கொண்டு அதனை இருமொழிப் பிரிவாகப் பிரகடனம் செய்ய அரசியலமைப்பு இடம் தருகிறது. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, ஹாலிஎல, ஹல்துமுல்லை போன்ற பிரிவுகள் அவ்வாறு 1999 இல் பிரகடனம் செய்யப்பட்டன. அங்கே மலையகத் தமிழர், இலங்கைத் தமிழர், தமிழ் பேசும் முஸ்லிம்கள் எல்லாரும் ஒரே கணக்கில் வருவர். அப்பிரிவுகளில் தமிழில் விண்ணப்பம் கொடுக்கவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமையுண்டு. "சிங்களத்தில் எழுதிக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்பினால் இதைச் சொல்லுங்கள்.

பதுளையின் இன விகிதம்

பதுளை மாவட்டத்தின் சனத்தொகை 1981 இல் 6 இலட்சத்து 41 ஆயிரம். 2012 இல் 8 இலட்சத்து 15 ஆயிரம். 2012 இல் சிங்களவர் 73 வீதம், மலையகத் தமிழர் 18 வீதத்துக்குச் சற்று மேல், முஸ்லிம்கள் ஐந்தரை வீதம், இலங்கைத் தமிழர் 3 வீதத்துக்கும் குறைவு. இரு தமிழ்ப் பெட்டிகளையும் கூட்டிப் பார்த்தால் 1981 இல் மாவட்டத்தில் கால்வாசிக்குச் சற்று மேல். 2012 இல் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். பக்கத்து நுவரெலியா மாவட்டத்தில் 2012 இல் மலையகத் தமிழர் மட்டுமே பாதிக்கு மேல் இருந்தனர் என்பதையும் நினைவில் வைத்தால், ஊவாத் தமிழரின் குரல் தலவாக்கலை, ஹற்றன் பக்கத்துக் குரலை விட ஏன் மெதுவாகக் கேட்கிறது என்பது விளங்கும். ஊவா மாகாணம் என்று எடுத்தால் மொனராகலையும் சேர்ந்துவிடும். அங்கே சிங்களவர் மிகப் பெரும்பான்மை. ஆகவே மாகாணக் கணக்கில் எம்மவர் இன்னும் சிறுத்துத் தெரிவர்.

மாவட்டக் கணக்கு ஒரு கிராமத்தின் நிலையைச் சொல்லாது. ஊவாவின் ஒரு சாதாரணப் பள்ளத்தாக்கை எடுத்துப் பாருங்கள். மேலே தோட்டத்து மேற்பிரிவு, லயங்கள் எல்லாம் தமிழர். கீழே வயல் ஓரத்தில் சிங்களக் கிராமம். சந்தியில் முஸ்லிம் கடை, வெலிமடைக்கு அப்பால் குருத்தலாவை போன்ற முஸ்லிம் ஊர்கள். ஒரே கிராம உத்தியோகத்தர் பிரிவுக்குள் இவை மூன்றும் இருக்கும். முன்பு மேலும் கீழும் சம்பளத்துக்கும் சந்தைக்கும் மட்டுமே சந்தித்தன. இன்று கீழே உள்ள நாட்டார் தம் ஒரு ஏக்கர் அரை ஏக்கரில் தேயிலை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையில் மேலே உள்ள அக்காமார் அங்கே கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கிறார்கள். நாட்டின் தேயிலையில் ஏறத்தாழ முக்கால் பங்கு இப்போது இத்தகைய சிறு தோட்டங்களிலிருந்தே வருகிறது. பெரிய தோட்டம் காடேறுகிறது, சிறு தோட்டம் பச்சையாக நிற்கிறது. இது கண்ணால் காணும் காட்சி. காணி உள்ளவன் உரம் போடுவான் என்பதைத் தவிர இதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை.

'தோட்டம்' என்றால் எது என்பதற்கும் புள்ளிவிபரக்காரர் ஒரு வரையறை வைத்திருக்கின்றனர். 20 ஏக்கரோ அதற்கு மேலோ பரப்பும், பத்துக்குக் குறையாத வதிவிடத் தொழிலாளரும் இருந்தால்தான் அது தோட்டத்துறை. 2012 இல் நாட்டு மக்களில் 4.4 வீதத்தினர் இத்துறையில் வாழ்ந்தனர். ஒரு தோட்டம் துண்டாடப்பட்டாலோ வேலை நின்றாலோ அதே லயம், அதே மக்கள், மறுநாள் 'கிராமியத் துறை' ஆகிவிடலாம். அப்போது தோட்டத்துக்கென்று வரும் திட்டத்திலும் இல்லை, கிராமத்துக்கென்று வரும் திட்டத்தில் காணி உறுதி கேட்பார்கள், அதுவும் இல்லை. இரண்டும் கெட்டான் நிலை. 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை பணம் செலவிடத் தடையாக இருந்தது. 2018 இல்தான் அது திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளாகத் தோட்டத்தார் வாக்குப் போட்டுத் தெரிந்த உறுப்பினர் தோட்டத்துப் பாதைக்கு ஒரு லொறி கல் போட முடியாதிருந்தது.

வருமானம்

குடும்ப வருமான, செலவு மதிப்பீடு 2019 இல் எடுக்கப்பட்டது. அதன்படி மாதச் சராசரி வீட்டு வருமானம் நாட்டில் 76,414 ரூபா, நகரத்தில் 1,16,670, கிராமத்தில் 69,517, தோட்டத்தில் 46,865. அதே ஆண்டில் ஏழ்மைக் கோட்டுக்குக் கீழே இருந்தோர் நகரத்தில் 6 வீதம், கிராமத்தில் 15 வீதம், தோட்டத்தில் 33.8 வீதம். மூவரில் ஒருவர். அதன் பின் 2021 இல் இரசாயன உரத் தடை, 2022 இல் பொருளாதார வீழ்ச்சி. 2021 இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022 இல் 25 கோடி கிலோவானது. அரிசி, மாவு விலை எங்கே போனது என்பதை இங்கே எழுதத் தேவையில்லை, கொப்பிக் கடனில் எல்லாம் இருக்கிறது.

சம்பளத்தின் கதை எல்லாருக்கும் தெரியும், என்றாலும் வரிசையாகப் பார்ப்பது நல்லது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் வந்ததே 1984 இல். 2016 இல் எல்லாம் சேர்த்து 730 ரூபா. 2021 இல் 1,000. 2024 செப்ரெம்பரில் 1,350. 2026 ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் இதை 1,550 ஆக்கி, வருகைக்கு அரசாங்கம் 200 ரூபா சேர்த்து 1,750 ஆக்குவதாக அறிவிக்கப்பட்டது. நாட்சம்பளம் ஏறியது உண்மை. ஆனால் 'நாள்' எத்தனை என்று கேட்க வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். 1,350 ரூபாவுக்கு மாதம் 18 நாள் முழுப்பேர் விழுந்தால் 24,300 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 1,944 ரூபா கழிந்தால் 22,356. ஒரு வீட்டில் இருவர் வேலை செய்தால் 44,712. ஐந்து பேர் சாப்பிடும் அடுப்பு என்றால் தலைக்கு 8,942. அரசாங்கத்தின் ஏழ்மைக் கோடு 2024 இல் ஒருவருக்கு மாதம் ஏறத்தாழ 16,000 ரூபா. ஆக, இருவர் தவறாமல் வேலைக்குப் போகும் வீடும் தோட்டச் சம்பளத்தால் மட்டும் கோட்டின் பாதியைச் சற்றுத் தாண்டி நிற்கிறது. 1,750 ரூபாவே முழுதாகக் கைக்கு வந்தாலும், அதே 18 நாளுக்கு, அதே ஐந்து பேருக்கு, சேமலாபக் கழிவுக்கு முன்பே தலைக்கு 12,600 தான். இதில் கிலோ குறைந்து அரைப்பேர் விழும் நாளையும், தீபாவளி முற்பணக் கழிவையும், சங்கச் சந்தாவையும் நாம் சேர்க்கவில்லை.

பிறகு எப்படி வாழ்கிறார்கள் என்று வெளியார் கேட்பார்கள். கொழும்புக் கடையில் நிற்கும் பையன், ஆடைத் தொழிற்சாலையில் இருக்கும் பெண், மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்யும் தாய், இவர்கள் அனுப்பும் பணத்தில்தான். 1992 இல் தோட்டங்களின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டபோது அவற்றில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் இருந்தனர். இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவு. லயங்கள் வெறிச்சோடவில்லை, லயத்தில் இருப்போரில் பெரும்பாலோர் இப்போது தோட்டத் தொழிலாளரே அல்லர். ஆயினும் வீடு மட்டும் இன்னும் வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. வேலைக்கு ஆள் இல்லாத வீட்டுக்குக் கூரைத் தகரம் கேட்டால் என்ன பதில் வரும் என்பது உங்களுக்குத் தெரியும்.

குடிசன மதிப்பீடு ஒருவரை அவர் வழக்கமாக வசிக்கும் இடத்தில் எண்ணுகிறது. வெள்ளவத்தைக் கடையில் படுத்துறங்கும் பையன் கொழும்பில் எண்ணப்படுவான். குவைத்தில் இருக்கும் தாய் எங்கும் எண்ணப்படமாட்டாள். ஆகவே தோட்டக் கணக்கில் முதியோரும் பிள்ளைகளும் கூடுதலாகவும் உழைக்கும் வயதினர் குறைவாகவும் தெரிவர். பிறப்பும் நாடெங்கும் குறைகிறது: 2012 இல் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பிறந்தனர், 2023 இல் இரண்டரை இலட்சத்துக்கும் குறைவு. எமது பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினாலும் இது தெரிகிறது. பெற்றோரின் தொழில் எழுதும் இடத்தில் முன்பு பக்கம் பக்கமாகத் 'தோட்டத் தொழிலாளி' என்றிருக்கும். இப்போது சாரதி, தையல், கடைச் சிப்பந்தி, வெளிநாடு என்று வருகிறது.

எந்தக் கணக்கிலும் வராத வருமானம் ஒன்று உண்டு. வேலை நின்ற மலைகளிலும் லயத்துப் பின்புறச் சரிவிலும் எம்மவர் போஞ்சி, கோவா, உருளைக்கிழங்கு, தக்காளி போட்டு வெலிமடை, பண்டாரவளைச் சந்தைக்கு அனுப்புகின்றனர். சிலருக்கு நாட்சம்பளத்தை விட இதுவே பெரிய வரவு. ஆனால் அந்தத் துண்டுக்கு உறுதி இல்லை, குத்தகைச் சீட்டு இல்லை, கமநல சேவை நிலையத்தில் பெயரும் இல்லை. செக்ரோலில் அவர் தொழிலாளி. நிலத்தில் அவர் கமக்காரர். மண்சரிவு அந்தத் துண்டைக் கொண்டுபோகும்போது, ஏட்டின்படி அவர் எதையும் இழக்கவில்லை.

மீரியாபெத்தை

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லாந்தைக்கு மேலே மீரியாபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கி லய வரிசைகளை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. வேறிடம் இல்லாததால் மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர். அன்று மண்ணுக்குள் எத்தனை பேர் என்று கேட்டபோது யாராலும் சொல்ல முடியவில்லை. நூறு என்றனர், இருநூறு என்றனர், முந்நூறு என்றனர். பள்ளிக்குப் போயிருந்த பிள்ளைகளும் வேலைக்கு இறங்கியிருந்தோரும் வந்து சேர்ந்தபின் அந்த எண் வெகுவாகக் குறைந்தது. இறந்தவர் குறைந்ததற்கு நன்றி சொல்வோம். ஆனால் ஒரு தோட்டப் பிரிவில் எத்தனை உயிர் வாழ்ந்தது என்பதை, ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோ கொழுந்து வந்தது என்பதைப் போல் எவரும் எழுதி வைத்திருக்கவில்லை என்பது அன்று உலகுக்கே தெரிந்தது.

உயிர் தப்பியோர் பூணாகலைப் பக்கத்துப் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் தங்கினர். 2016 ஒக்டோபரில் மக்கல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. இழந்த காம்பராவுக்கு ஒரு வீடு என்று வரும்போது கூட்டுக் குடும்பம் என்ன செய்யும் என்ற கேள்வி அங்கும் எழுந்தது. பாடசாலை மண்டபத்தில் பாட்டி கேட்டதும் அதே கேள்விதான்.

இப்போது இடம்பெயர்ந்திருப்போருக்குச் சில காரியங்கள் கையில் உண்டு. முகாமிலோ உறவினர் வீட்டிலோ இருந்தாலும், உங்கள் பிரிவின் பட்டியலை நீங்களே எழுதுங்கள். ஒரு நாற்பது பக்கக் கொப்பி போதும். காம்பரா இலக்கத்தின் கீழ் அடுப்பு அடுப்பாகப் பிரித்து, ஒவ்வோர் அடுப்பிலும் யார் யார், வயது, அடையாள அட்டை இலக்கம், வெளியூரில் அல்லது வெளிநாட்டில் இருப்பவர் யார் என்று எழுதுங்கள். கூப்பன் பழைய தாள், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதி அட்டை, சம்பளச் சீட்டு, மின்சாரப் பட்டியல், எது கிடைத்தாலும் அந்த அடுப்பின் பெயரோடு குறித்து வையுங்கள். மரக்கறி போட்ட துண்டு எங்கே, ஏறத்தாழ எத்தனை பேர்ச், கடைசியாகச் சந்தையில் என்ன விற்றது என்பதையும், சந்தைத் தரகரின் துண்டுச் சீட்டு இருந்தால் அதையும் சேருங்கள். கீழே உள்ள சிங்களக் கிராமத்தவரும் வீடிழந்திருந்தால் அவர்களையும் அதே கொப்பியில் எழுதுவதில் நட்டமில்லை. ஒரே கிராம உத்தியோகத்தர், ஒரே மலை. பிறகு இரண்டு பிரதி எடுத்து ஒன்றைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்து, மற்றதில் திகதியோடு அவர் கையொப்பம் வாங்குங்கள்.

வாக்காளர் இடாப்புத் திருத்தத்துக்காக ஆண்டுதோறும் கிராம உத்தியோகத்தர் கொண்டுவரும் படிவத்தையும் விட்டுவிட வேண்டாம். முகாமில் இருப்பதால் பழைய முகவரியில் பெயர் வெட்டப்பட்டிருக்கலாம்; இடாப்பு பார்வைக்கு வைக்கப்படும் நாட்களில் ஒருவர் போய்ப் பார்த்தால் போதும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து உங்கள் லயத்தைப் பார்த்துச் சென்றிருந்தால், அவர்கள் கொடுத்த அறிக்கையின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் லயத்தைப் பற்றியது. கேட்க உங்களுக்கு உரிமையுண்டு. இலங்கையில் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கென்றே இருக்கிறது, தமிழிலும் விண்ணப்பிக்கலாம்.

பாட்டியின் அடுப்புகள் மூன்றும் இப்போது கொப்பியில் ஏறியுள்ளன. சின்னவனின் அடுப்புக்குத் தனி ஆதாரமாக எதுவும் அகப்படவில்லை. கல்யாணப் பதிவுச் சான்றிதழின் பிரதிக்குப் பதுளைக் கச்சேரியில் விண்ணப்பித்திருக்கிறோம்.